உங்கள் ஊராட்சியில் குழந்தைப் பாதுகாப்பு எப்படி இருக்கிறது? அளந்து பார்க்க முழுமையான வழிகாட்டி

ஒரு பிள்ளை வாயைத் திறந்து "எனக்கு இப்படி நடந்தது" என்று சொன்ன பிறகு எத்தனை மணி நேரத்தில் யார் வந்தார்கள், என்ன செய்தார்கள்? குழந்தைப் பாதுகாப்பை அளப்பது என்றால் முதலில் இதை அளப்பதுதான். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் 1098 (குழந்தைகளுக்கான உதவி எண்) பலகையைப் படம் எடுத்துக்கொண்டு, எத்தனை விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது, எத்தனை போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்கு பதிவானது என்று எண்ணிக்கொண்டு திரும்பி வருவார்கள். அந்த எண்களை வைத்து ஒரு பிள்ளை பத்திரமாக இருக்கிறதா என்று சொல்லவே முடியாது.

தமிழ்நாட்டில் ஒரு ஊராட்சியை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நகராட்சி வார்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும். மூன்று பேர், மூன்று மாதம் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி போடும் தகவல் மனுவுக்குப் பதில் வரவே ஒரு மாதம் போய்விடும் என்பதால் அதற்குக் குறைவான நாளில் முடியாது.

1. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்: ஒரு பிள்ளை உங்களிடமே சொல்லிவிட்டால்?

எல்லாரும் இந்தப் படியைக் கடைசியில் யோசிக்கிறார்கள், அல்லது யோசிப்பதே இல்லை. நீங்கள் பாதுகாப்பைப் பற்றிப் பேச ஒரு ஊருக்குள் போனாலே ஏதாவது ஒரு பிள்ளை உங்களிடம் வந்து நிற்க வாய்ப்பு இருக்கிறது. அந்த நேரத்தில் குழுவில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, ஒரு குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். நீங்களும் இதில் அடக்கம். சொல்லாவிட்டால் 21ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் உள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்மீது வழக்கு வராது என்றும் அதே 19ஆவது பிரிவு சொல்கிறது, அதனால் பயப்பட வேண்டாம்.

ஆகவே போகும் முன் ஒரு பக்கத்தில் எழுதிக் குழுவில் எல்லாரிடமும் கொடுங்கள்: பிள்ளை சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, துருவிக் கேட்கக் கூடாது, பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுத வேண்டும், அன்றைக்கே 1098க்கோ காவல்துறைக்கோ சொல்ல வேண்டும். துருவிக் கேட்காதே என்பதற்குக் காரணம் உண்டு. ஒரே கதையை அந்தப் பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்ல நேர்கிறது, நம் கேள்வியே பிள்ளையின் வார்த்தையை மாற்றிவிடும், பிறகு நீதிமன்றத்தில் அதுவே பிள்ளைக்கு எதிராகத் திரும்பும்.

குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். யாரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக அறைக்குள் உட்காரக் கூடாது. இது உங்கள் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான்.

2. அனுமதியை முதல் வாரத்திலேயே வாங்குங்கள்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு (குழந்தைப் பாதுகாப்பு வேலைகளைப் பார்க்கும் மாவட்ட அரசு அலுவலகம்) ஒரு கடிதம், பள்ளிக்குப் போகக் கல்வி அலுவலகம் வழியாக ஒரு அனுமதி, ஊராட்சித் தலைவருக்கு ஒரு கடிதம். தலைவர் பதவி காலியாக இருந்தால் தனி அலுவலருக்கு. தலைமை ஆசிரியர் பழக்கமானவர் என்று வாய்ப்பேச்சை நம்பி உள்ளே போகாதீர்கள். நடுவில் அவருக்கு மாறுதல் வந்துவிட்டால் வேலை பாதியில் நிற்கும்.

3. எல்லையை இரண்டாகப் பிரியுங்கள்

இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். நாம் அளக்கப் போவது இரண்டு விஷயம், இரண்டையும் வேறு வேறு மட்டத்தில் அளக்க வேண்டும்.

ஒன்று, தயார்நிலை. அங்கன்வாடி, பள்ளி, விடுதி, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகிய இடங்களில் இருப்பவருக்கு என்ன செய்வது என்று தெரியுமா? இதை உங்கள் ஊராட்சி அளவிலேயே பார்க்கலாம்.

இன்னொன்று, நடந்த விஷயத்தில் சேவை எப்படி இயங்கியது. இதை ஒரு ஊராட்சியில் அளக்கப் போனால் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ சம்பவம்தான் கிடைக்கும். அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. போதாததற்கு எந்த வீட்டுப் பிள்ளை என்று ஊரே கண்டுபிடித்துவிடும். அதனால் இதை மாவட்ட அளவிலோ, குறைந்தது ஒரு மகளிர் காவல் நிலையத்தின் எல்லை அளவிலோ கேளுங்கள்.

காலத்தையும் கட்டிக்கொள்ளுங்கள்: ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு முழு ஆண்டு. "சமீப காலமாக" என்று எடுத்தால் ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு காலத்துக்குக் கணக்குத் தரும்.

4. அளவுகோலைச் சட்டத்திலிருந்து எடுங்கள்

"சேவை திருப்தியாக உள்ளதா, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண்" என்று கேட்கும் படிவத்தைத் தூக்கிப் போடுங்கள். சட்டத்திலேயே கெடு இருக்கிறது. அதை வைத்து அளந்தால், "இது உங்கள் சொந்த அபிப்பிராயம்" என்று எந்த அலுவலரும் தட்டிக்கழிக்க முடியாது. நான் வழக்கமாக எடுத்துக்கொள்பவை:

– போக்சோ புகார் வந்ததும் காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் (பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி உத்தரவிடும் குழு) சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவித்ததா?
– வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பிய இடத்திலோ, சீருடை இல்லாமல், முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலர் பதிவு செய்தாரா?
– பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் (கைவிடப்பட்ட, கொடுமைக்கு ஆளான பிள்ளை போன்ற) குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோனார்களா? பிள்ளையின் குடும்பச் சூழலைச் சொல்லும் சமூக விசாரணை அறிக்கை 15 நாளில் வந்ததா? இறுதி உத்தரவு நான்கு மாதத்துக்குள் வந்ததா?
– குழந்தைகள் நலக் குழு மாதத்துக்குக் குறைந்தது 20 நாள் கூடியதா? தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருக்கிறார்களா, இடம் காலியாக இருக்கிறதா?
– உணவு, உடை, பயணம் போன்ற அவசரச் செலவுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்த தொகை ஒரு வாரத்துக்குள் போய்ச் சேர்ந்ததா? நீதிமன்றம் உத்தரவிட்ட இழப்பீடு 30 நாளில் வந்ததா?
– மாவட்ட ஆய்வுக் குழு குழந்தைகள் இல்லங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பார்த்ததா?

இவை போதும். நாற்பது அளவுகோல் வைத்துத் தொடங்கிய குழு எதுவும் முடித்து நான் பார்த்ததில்லை.

5. தகவல் மனுவை முதல் மாதத்திலேயே போடுங்கள்

களத்துக்குப் போகும் முன்பே மனு போக வேண்டும், 30 நாள் கெடு ஓடத் தொடங்கட்டும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். அமைப்பின் பெயரில் போடாமல் ஒரு தனி நபர் பெயரில் போடுங்கள், தகவல் கேட்கும் உரிமை குடிமக்களுக்கானது.

மனுவில் "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அலுவலகத்தில் பதிவாகி இருப்பதைத்தான் தரச் சொல்கிறது. காரணம் கேட்டால் "இத்தகவல் பதிவேட்டில் இல்லை" என்று ஒற்றை வரி வரும், ஒரு மாதம் வீண். தேதியைக் கேளுங்கள். புகார் பதிவான தேதி, குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவித்த தேதி, ஆதரவு நபரை (வழக்கு நடக்கும்போது பிள்ளைக்குத் துணை நிற்பவர்) நியமித்த தேதி, தொகை பரிந்துரைத்த தேதி, வழங்கிய தேதி. பெயரோ ஊரோ வழக்கு எண்ணோ வேண்டாம், வரிசை எண் மட்டும் போதும் என்று மனுவிலேயே எழுதுங்கள். அப்படி எழுதினால் "தனிநபர் தகவல்" என்று மறுக்க இடம் குறைகிறது, பிள்ளையின் அடையாளமும் உங்கள் கைக்கு வராது.

இன்னொரு தவறு, உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டுவிட்டு "ஒன்றும் இல்லையாம்" என்று வந்துவிடுவது. இங்கே போக்சோ வழக்குகள் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் போகும். மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். இரண்டு பக்கத்துத் தேதியும் ஒத்துப்போகாத இடம்தான் உங்களுக்கு முதல் கண்டுபிடிப்பு.

30 நாளில் பதில் வராவிட்டால் காத்திருக்காமல் முதல் மேல்முறையீடு போட்டுவிடுங்கள், அதற்கும் 30 நாள்தான் கெடு.

6. பதிவேடுகளைப் பாருங்கள், எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள்

கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் கூட்டக் குறிப்பேட்டில் தொடங்குங்கள். ஒரு ஊராட்சியில் அதை எனக்குக் காட்டினார்கள். நான்கு கூட்டம், நான்கு பக்கம், நான்கும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில். கையொப்பங்கள் வரிசை மாறாமல் இருந்தன. குழந்தைப் பிரதிநிதி என்று கையொப்பம் போட்டிருந்த பெண் யார் என்று விசாரித்தால், பன்னிரண்டாவது முடித்து வெளியூர்க் கல்லூரிக்குப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. "கூட்டம் நடந்ததா: ஆம்" என்று மட்டும் குறித்திருந்தால் அந்த ஊராட்சிக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

அதனால் கூட்டம் நடந்ததா என்பதோடு, அதில் ஒரு குழந்தையைப் பற்றியாவது முடிவு எடுத்தார்களா, அடுத்த கூட்டத்தில் அந்த முடிவு என்ன ஆயிற்று என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பள்ளி. நீண்ட நாள் வராத பிள்ளைகளின் பட்டியலைக் கேளுங்கள். எமிஸ் தளத்தில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) உள்ள எண்ணையும் வகுப்பு வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளை ஒருத்தி திடீரென்று நின்றுபோனால், அதை யார், எத்தனை நாள் கழித்து, யாரிடம் சொன்னார்கள் என்பதுதான் கேள்வி. குழந்தைத் திருமணம் வெளியே தெரியும் முன் முதலில் தெரிவது வருகைப் பதிவேட்டில்தான். வகுப்பாசிரியர் அதைப் பார்த்தவுடன் 1098க்கோ மாவட்டச் சமூக நல அலுவலருக்கோ சொல்லியிருந்தால் சேவை வேலை செய்கிறது என்று அர்த்தம். சமூக நல அலுவலர்தான் இங்கே குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 18 வயதுக்குக் கீழ் கர்ப்பப் பதிவு எத்தனை என்று மொத்த எண் மட்டும் கேளுங்கள். இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். எண் குறைந்தால் நல்லது என்று எழுதிவிடாதீர்கள். போலீசுக்குப் போய்விடும் என்ற பயத்தில் சில குடும்பங்கள் பிள்ளையை மருத்துவமனைப் பக்கமே கூட்டிவராமல் வைத்திருக்கும், அது பதிவாவதைவிடப் பல மடங்கு ஆபத்து. கிராம சுகாதார செவிலியரிடம் உட்கார்ந்து பேசினால்தான் இது புரியும். வீடு வீடாகப் போகிறவர் அவர்தான்.

7. பணியாளர்களிடம் ஒரு சம்பவத்தைச் சொல்லிக் கேளுங்கள்

"போக்சோ தெரியுமா?" என்று கேட்டால் எல்லாரும் தெரியும் என்பார்கள். அதற்குப் பதில் ஒரு கற்பனைச் சம்பவத்தைச் சொல்லுங்கள். "ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு வாரமாகச் சாப்பிடாமல் இருக்கிறான், இன்று உங்களிடம் வந்து, வேன் அண்ணன் என்னைத் தொடுகிறார் என்று சொல்கிறான். மணி மூன்று. நான்கரைக்கு அதே வேனில்தான் வீட்டுக்குப் போக வேண்டும். என்ன செய்வீர்கள்?"

பையன் என்று வேண்டுமென்றேதான் வைத்தேன். ஆண் பிள்ளைகளுக்கும் நடக்கும் என்பதே பலர் மனதில் பதியவில்லை. 2007இல் வந்த மத்திய அரசின் ஆய்வில், பேசிய குழந்தைகளில் 53.22 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னார்கள், அவர்களில் ஆண் பிள்ளைகள் பாதிக்கும் மேல்.

பதிலில் நான்கு விஷயம் வருகிறதா என்று குறியுங்கள்: அந்த வேனில் அனுப்பாமல் நிறுத்துவது, அன்றே தகவல் சொல்வது, பிள்ளையை எல்லார் முன்னும் நிறுத்தி விசாரிக்காமல் இருப்பது, வேன் ஓட்டுநரைக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பிவிடாமல் இருப்பது. கடைசித் தவறு சகஜம். "முதலில் நாமே உண்மையா என்று விசாரித்துவிட்டு" என்று நல்ல மனதோடுதான் சொல்வார்கள். அந்த ஒரு வரியில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் விசாரணை முடிவதற்குள் ஊர்ப் பெரியவர்கள் வந்து சமாதானம் பேசிவிடுவார்கள். பதில் சொன்னவரைத் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாரிடமும் பேசி முடித்த பிறகு ஒரு நாள் உட்காரவைத்து விளக்குங்கள்.

காவல் நிலையத்தில் ஒரே கேள்வி போதும்: இங்கே குழந்தை நலக் காவல் அலுவலர் யார்? ஒவ்வொரு நிலையத்திலும் ஒருவர் இருக்க வேண்டும். வாசலில் இருப்பவர் எவ்வளவு நேரத்தில் பதில் சொல்கிறார் என்று பாருங்கள்.

சரி, 1098ஐ எப்படிச் சோதிப்பது? பொய்யாக ஒரு சம்பவம் சொல்லி அழைக்கவே கூடாது. அந்த நேரத்தில் உண்மையான ஒரு பிள்ளை வரிசையில் நிற்கலாம். ஏற்கெனவே அழைத்த ஆசிரியர்கள், பணியாளர்களிடம் எத்தனை மணிக்கு அழைத்தீர்கள், யார் எப்போது வந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

8. பிள்ளைகளிடம் கடைசியில், வரைபடத்தோடு

பிள்ளைகளிடம் "உனக்கு யாராவது ஏதாவது செய்தார்களா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பயிற்சி வேண்டும், கேட்ட பிறகு கூட இருக்கவும் ஆள் வேண்டும். நமக்குத் தேவை அவர்கள் பார்வையில் இந்தச் சேவைகள் எப்படித் தெரிகின்றன என்பதுதான்.

பெண்கள் தனியாக, ஆண்கள் தனியாக, எட்டுப் பத்துப் பேராக உட்காருங்கள். தரையில் சாக்பீஸால் ஊரை வரையச் சொல்லுங்கள். நிம்மதியாக இருக்கும் இடத்துக்குப் பச்சை, பிடிக்காத இடத்துக்குச் சிவப்பு. ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் பேருந்து நிறுத்தத்தைச் சிவப்பில் வட்டமிட்டார்கள், அது நாங்கள் எதிர்பார்த்ததுதான். வரைந்து முடித்து எழுந்த பிறகு ஒருத்தி திரும்பி வந்து, பள்ளிக் கட்டடத்துக்குப் பின்னால் கழிவறைக்குப் போகும் சந்துப் பாதையை அழுத்தி அழுத்திச் சிவப்பாக்கினாள். "அங்கே மூணு பேராத்தான் போவோம்க்கா" என்றாள். அந்தப் பள்ளியில் கழிவறை உண்டா என்ற கட்டத்தில் நாங்கள் முதல் நாளே "உண்டு" என்று குறித்திருந்தோம்.

அப்புறம் இரண்டு கேள்வி. "இந்த ஊரில் ஒரு பிள்ளைக்குப் பிரச்சினை என்றால் யாரிடம் சொல்லும்?" "சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் பொன். 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, பள்ளியில் புகார் எழுதிப் போடும் மாணவர் மனசுப் பெட்டி எல்லாம் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகளே, "சொன்னால் ஸ்கூலை விட்டு நிறுத்திவிடுவார்கள்" என்பார்கள். எண் தெரிவது வேறு, நம்பிக்கை வேறு. இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

பிள்ளைகளைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதற்குள் எந்த அலுவலர் பதில் சொல்வார், எவர் சொல்ல மாட்டார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒரு பிள்ளை பேசினால் சரியான ஆளிடம் கொண்டுசேர்க்க முடியும்.

9. எண்ணைச் சேர்க்கும்போது நடக்கும் நான்கு தவறுகள்

முதலாவது, வழக்கு கூடினால் பாதுகாப்பு குறைந்தது என்று எழுதுவது. தகவல் எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். பெற்றோர் மட்டும் புகார் கொடுத்த இடத்தில் இப்போது பள்ளியிலிருந்தும் செவிலியரிடமிருந்தும் 1098இலிருந்தும் வருகிறது, சம்பவத்துக்கும் புகாருக்கும் இடையே உள்ள நாளும் குறைகிறது என்றால், கூடிய எண் நல்ல செய்தியாகவே இருக்கலாம். பூஜ்யம் வழக்கு உள்ள ஊரைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

இரண்டாவது, தேதி இல்லாத கோப்புகளைக் கணக்கிலிருந்து தூக்கிவிடுவது. 12 கோப்பில் 5இல் தேதியே இல்லை, மீதி 7ம் 24 மணி நேரத்துக்குள் என்றால் "நூறு விழுக்காடு" என்று எழுதாதீர்கள். "12இல் 7, ஐந்தில் தேதி பதிவாகவில்லை" என்று எழுதுங்கள். தேதி எழுதாததே ஒரு குறைதான்.

மூன்றாவது, சராசரி. ஓர் உதாரணத்துக்கு, உதவித்தொகை வர ஆன நாட்கள் 6, 9, 11, 14, 190 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 46, ஆனால் 46 நாள் காத்திருந்த பிள்ளை யாருமே இல்லை. வரிசையில் நடுவில் உள்ள 11ஐச் சொல்லுங்கள், கூடவே 190ஐயும் சொல்லுங்கள். அந்த 190க்குப் பின்னால் இருக்கும் பிள்ளையைச் சராசரி விழுங்கிவிடக் கூடாது.

நான்காவது, மாநில எண்ணை ஊருக்குப் பொருத்துவது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 18 வயதுக்கு முன்பே திருமணமானவர்கள் தமிழ்நாட்டில் 12.8 விழுக்காடு, நாடு முழுக்க 23.3. இதை வைத்து "எங்கள் ஊரில் இத்தனை குழந்தைத் திருமணம் இருக்கும்" என்று பெருக்கிச் சொன்னால், அது உங்கள் ஊர்க் கணக்கே ஆகாது.

எல்லாவற்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கவும் வேண்டாம். பலகைக்கு 10, கூட்டத்துக்கு 10 என்று சேர்ந்துகொண்டே போய், 24 மணி நேரக் கெடுவில் வாங்கிய பூஜ்யம் காணாமல் போய்விடும்.

10. அடையாளம் வெளியே போகாமல் பூட்டுங்கள்

பெயர் மட்டும் அடையாளம் ஆகாது. "எட்டாம் வகுப்பு, கோயில் தெரு, அப்பா இல்லாத பிள்ளை" என்றாலே ஊருக்குப் போதும். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவும் தடை செய்கின்றன. ஐந்துக்குக் குறைவான எண் எதுவாக இருந்தாலும் "5க்குக் கீழ்" என்றே எழுதுங்கள். குறிப்பேடு ஒருவர் பொறுப்பில் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் வேலையே வேண்டாம்.

11. அறிக்கை: முதலில் அவர்களிடம், பிறகு கிராம சபையில்

நான்கு பக்கம் போதும். கிராம சபைக்கு இரண்டு வாரம் முன்பே தலைமை ஆசிரியர், செவிலியர், காவல் நிலையம், பாதுகாப்பு அலகு எல்லாருக்கும் கொடுத்து, தவறு இருந்தால் ஆவணத்தோடு திருத்தச் சொல்லுங்கள். திடீரென்று மேடையில் வாசித்தால் அவர்கள் தற்காப்பில் இறங்கிவிடுவார்கள், அடுத்த வருடம் பதிவேட்டைத் தொடவே விட மாட்டார்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேதியைப் பார்த்துப் பின்னோக்கித் திட்டமிடுங்கள். சபையில் தனிப்பட்ட சம்பவம் எதையும் பேசக் கூடாது, யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். சேவையின் குறைகளை மட்டும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் யார், எந்தத் தேதிக்குள் என்று தீர்மானமாக எழுதவைத்து நகல் வாங்கிவிடுங்கள். "ஆவன செய்யப்படும்" என்று முடியும் தீர்மானத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அந்தத் தேதி முடிந்த மறுநாள் தீர்மான நகலோடு போய், நான்காவது படியில் உள்ள அளவுகோல்களையே திரும்பப் பாருங்கள், புதிதாக எதையும் சேர்க்காமல். கேள்வி மாறினால் போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் ஒப்பிட எதுவும் இருக்காது. முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கழிவறைச் சந்தில் விளக்கு போட்டார்களா என்பதை.